திருத்தணி எந்த மாவட்டம்?

“தவறு” என்றார் நடுவர்.

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மலை. மலைமேல் கோபுரம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு குடும்பம் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி நடந்து போய்க்கொண்டிருந்தது. அதாவது, நாங்கள் எல்லோரும் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல் திருத்தணியில்தான் இருந்தோம்.

பள்ளிகளுக்கிடையே பொது அறிவுப் போட்டி. கேள்வி இதுதான்: திருத்தணி எந்த மாவட்டத்தில் உள்ளது?

“செங்கல்பட்டு” என்று சொன்னவன் என் பக்கத்தில் நின்றிருந்த முனிரத்தினம். என் வகுப்புத் தோழன். “சித்தூர்” என்று சொன்னவர்கள், அன்று காலை பட்டணத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கிய வேறொரு பள்ளியின் பையன்கள் இரண்டு பேர். அதே ரயிலில் வந்திருந்த நடுவர் கையில் இருந்த அட்டையில் சித்தூர் என்று எழுதியிருந்தது. பத்து மதிப்பெண் பட்டணத்துக்குப் போயிற்று.

அறுபதுகள் முடியப்போகும் சமயம். எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூரிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் செங்கல்பட்டோடு சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன; இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அப்போது கிடையாது. அந்தச் சேதி தாசில்தாருக்குத் தெரியும். தபால்காரருக்குத் தெரியும். கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை நிறுத்தி டீ குடிக்கும் கண்டக்டருக்கும் தெரியும். பொது அறிவுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

அறிவு ஊட்டிய விதம்

எங்கள் பள்ளியில் பொது அறிவு என்பது ஒரு புத்தகம். அது சரித்திர ஆசிரியர் ஏகாம்பரம் சாரிடம் இருந்தது. அவர் அதைப் பார்த்துச் சொல்வார். நாங்கள் எழுதுவோம். எழுதியதை மனப்பாடம் செய்வோம். கேள்விக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டியதில்லை, வரிசை தெரிந்தால் போதும். முதல் பதில் கங்கை. அடுத்தது இமயமலை. அதற்கடுத்தது மயில்.

ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்தார். வகுப்பறைக்குள் நுழைந்து, சிரித்த முகத்தோடு, “இது எத்தனாவது வகுப்பு?” என்று கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அது. நாங்கள் நாற்பது பேரும் ஒரே குரலில் “கங்கை” என்றோம். இன்ஸ்பெக்டர் பதிவேட்டில் ‘மாணவர்கள் துடிப்பாக உள்ளனர்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பள்ளியில் நூலகமும் உண்டு. தலைமையாசிரியர் அறையில் ஒரு கண்ணாடி பீரோ. புத்தகங்கள் வெளியிலிருந்து பார்க்க மிகப் பத்திரமாக இருந்தன. சாவி டிரில் மாஸ்டரிடம் இருந்தது. ஏன் அவரிடம் என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதே காரணமாக இருந்திருக்கலாம். வாரத்துக்கு ஒருநாள் நூலக வகுப்பு. அந்த வகுப்பில் பீரோவின் கண்ணாடியைத் துடைப்போம்.

(இந்தத் தொடரில் நான் எழுதும் தகவல்களைச் சரிபார்க்காமல் எழுதுகிறேன் என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். சென்ற வாரம் நான் குறிப்பிட்ட ரயில் அந்த நேரத்துக்கு வராதாம். ஐயா, நான் படித்த விதத்தை மேலே பாருங்கள். இவ்வளவாவது எழுதுகிறேனே.)

போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் குரல். பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். திருத்தணியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தபோதும் அது குறையவில்லை. பதில் தப்பாக இருந்தாலும் தைரியமாக ஒலிக்கும் என்று சார் நினைத்தார்.

முனிரத்தினத்தை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியாது. ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா கூலி வேலை. வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்களைவிடப் பெரியவனாகத் தெரிவான், மீசை வேறு அரும்பியிருந்தது. இரண்டு மூன்று தடவை பெயில் ஆகியிருப்பான் என்று பெண்கள் பக்கத்தில் பேசிக்கொள்வோம். அவனிடமே கேட்டிருக்கலாம். ஆனால் பையன்களிடம் பேசக் கூடாது என்பது விதி. ஆகவே அந்தத் தகவலையும் நாங்கள் யூகத்திலேயே வைத்திருந்தோம்.

அவன் உட்காரவில்லை

நடுவர் அடுத்த அட்டையை எடுத்துவிட்டார். முனிரத்தினம் நின்றுகொண்டே இருந்தான்.

“உட்காருப்பா” என்றார் நடுவர்.

“தப்பு இல்ல சார்.”

“அட்டையில சித்தூர்னுதான் இருக்கு.”

“நீங்க காலையில ரயில வுட்டு எறங்கனது செங்கல்பட்டு ஜில்லாவுல சார்.”

பின் வரிசைகளில் சிரிப்பு எழுந்தது. நடுவர் கெட்ட மனிதர் அல்ல. எங்கோ காலேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகப்படுத்தியிருந்தார்கள். பொறுமையாகத்தான் விளக்கினார்.

“தம்பி, அது எனக்கும் தெரியும். ஆனா நேர்ல பார்க்கிறது வேற, பொது அறிவு வேற. போட்டின்னு வந்துட்டா பதில் அச்சுல இருக்கணும். இது அச்சுல இருந்து எடுத்தது.”

முனிரத்தினம் பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“நான் மூணாவது வரைக்கும் தெலுங்குல படிச்சிகினு இருந்தேன் சார். ஊரு இந்தப் பக்கம் வந்ததும் எங்க பள்ளிக்கூடத்துல வாத்தியார மாத்திட்டாங்க. என்னைத் திரும்ப ஒண்ணாவதுல உக்கார வெச்சாங்க. சின்னப் பசங்களோட உக்காந்து அ, ஆ எழுதனேன். போகமாட்டேன்னு அழுதேன். எங்க நைனாதான், ‘பரவால்லடா, இனிமே நமக்கு இதான்’னு தோள்மேல தூக்கிகினு போயி வுட்டாரு. இப்ப வந்து சித்தூர்ன்றீங்க. அப்ப எனக்கு அந்த வருஷம்லாம் எதுக்கு சார் போச்சி?”

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பெயில் என்று நாங்கள் பேசிக்கொண்டது இதைத்தான். மூன்று வருடமாக நான்கு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருக்கிறான்.

நடுவருக்கும் என்னவோ போலிருந்திருக்க வேண்டும். ஆனால் அட்டை அட்டைதான். “சாப்பாட்டு நேரம் விடறோம். அது முடியறதுக்குள்ள அச்சுல ஏதாவது கொண்டுவந்து காட்டு. யோசிக்கலாம்” என்றார்.

ஏகாம்பரம் சார் எங்களை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். “பெரிய மனுஷன்கிட்ட இன்னாடா வாக்குவாதம்? வந்து புளிசாதத்த சாப்பிடு.”

“நம்ம புஸ்தகத்துல செங்கல்பட்டுன்னு இருக்குமே சார், அதக் காட்டலாமே” என்றேன் நான்.

சார் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “நம்ம புஸ்தகத்துலயும் சித்தூர்தாம்மா. அதனாலதான் அந்தக் கேள்விய உங்களுக்குச் சொல்லாம வுட்டேன். சொந்த ஊரப் போயி எவன் கேக்கப்போறான்னு நெனச்சேன்.”

செருப்பை வெளியே விடவும்

கடைத்தெருவில் கிளை நூலகம் இருந்தது. அங்கே மாணவர்கள் போவதில்லை. நாவல் படித்துக் கெட்டுப்போவார்கள் என்று பள்ளியில் ஓர் எச்சரிக்கை உண்டு. புளிசாதத்தை விட்டுவிட்டு நானும் முனிரத்தினமும் அங்கே ஓடினோம். கூடவே ஓடியதால் விதியை மீறிப் பேசவும் வேண்டியதாயிற்று.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் நூலகர் அல்ல, நூலகர் வராத நாள்களில் பார்த்துக்கொள்கிறவர். கோவிந்தசாமி என்று பெயர். “செருப்ப வெளிய வுடு” என்றார்.

“நாங்க போட்டுகினு வரல சார்.”

“அப்ப கால தட்டிட்டு வா. இன்னா வேணும்?”

“திருத்தணி எந்த மாவட்டம்னு பாக்கணும்.”

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயிலில் ஓடிவந்ததால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கலாம். “தோ, வெளிய தெரியுது பாரு. அதான் திருத்தணி” என்றார்.

“அச்சுல வேணும் சார்.”

“கதை இந்தப் பக்கம். பக்தி அந்தப் பக்கம். மத்ததெல்லாம் மேல் தட்டு. கலைக்காத.”

மேல் தட்டில் ஊர்களைப் பற்றி ஒரே ஒரு தடிப் புத்தகம் இருந்தது. முனிரத்தினம் அதை இறக்கித் தூசு தட்டி, முதல் பக்கத்தில் விரலை வைத்து வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தான். சிரிக்காதீர்கள். புத்தகத்தில் ஒன்றைத் தேடுவது எப்படி என்று ஒன்பது வருடத்தில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. தேட வேண்டிய அவசியமே வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த வேகத்தில் போனால் திருத்தணிக்கு அடுத்த ஆடிக் கிருத்திகைக்குத்தான் வந்து சேர்வோம்.

அவன் படிக்கும் வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறுமை போய், நான் பின்பக்கமிருந்து புரட்டினேன். கடைசிப் பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் அகர வரிசையில், பக்கத்தில் எண்களோடு நின்றன. அதற்கு முன்னும் சில புத்தகங்களின் பின்னால் அப்படிப் பார்த்திருக்கிறேன். அச்சடிக்கிறவர்கள் மீந்த இடத்தை நிரப்பப் போடுவது என்று எண்ணியிருந்தேன்.

“முனிரத்தினம், இது பக்க நம்பரு. திருத்தணிக்கு நேரா போவலாம்.”

போனோம். ‘சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு தாலுகா’ என்று இருந்தது.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

அடுத்தது ஒரு தேசப்படப் புத்தகம். அதில் எல்லைக்கோடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ‘சென்னை’ என்ற எழுத்தைப் பெரிதாகப் போட்டதில், அதன் ‘செ’ எங்கள் ஊர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

இனி பேப்பர்தான். வாசிப்பு மேஜையில் அன்றைக்குப் பேப்பர் முழுவதும் ஒரே ஆளிடம் இருந்தது. முழங்கை இரண்டையும் ஊன்றி, சினிமா விளம்பரத்தைப் பாடம் போலப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு நிமிஷம் குடுங்கண்ணா” என்று கேட்டான் முனிரத்தினம்.

“ஆங், இரு” என்றார் அவர். அவருடைய ‘இரு’ எவ்வளவு நீளம் என்பது அந்த ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

எதிரே நின்று காத்திருந்தபோது, அவர் தூக்கிப் பிடித்திருந்த தாளின் மறுபக்கம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. செய்ய வேறு வேலை இல்லாததால் படித்தேன். ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பு. இன்ன சாலையில் சிறுபாலம் கட்ட அனுபவமுள்ள ஒப்பந்ததாரர்கள் தேவை. அதன் நடுவே, பொடி எழுத்தில்: ‘செங்கல்பட்டு மாவட்டம், திருத்தணி தாலுகா.’

அறிஞர்கள் கவனிக்க மறந்த விஷயத்தைச் சிறுபாலம் கட்டுகிறவர்கள் ஞாபகம் வைத்திருந்தார்கள். பாலத்தைச் சித்தூரில் கட்டிவிட்டால் பில் பாஸாகாதே.

நான் காட்டினேன். முனிரத்தினம் குனிந்து, பேப்பர்காரர் முழங்கைக்குக் கீழே தலையை விட்டுப் படித்தான். படித்துவிட்டும் சந்தோஷப்படவில்லை.

“அதுவும் அச்சு, இதுவும் அச்சு. ஒண்ணு அப்டி சொல்லுது, ஒண்ணு இப்டி சொல்லுது. எத நம்பறது சரோஜா?”

அவனேதான் பேப்பரின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: “பேப்பருக்கு மேல தேதி போட்டிருக்குது. புஸ்தகத்துக்குத் தேதி போடமாட்டாங்களா?”

அட்டையில் தேடினோம். இல்லை. முன்னுரையில் தேடினோம். அங்கே யாரோ யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் இருந்தது: முதற் பதிப்பு, வருடம்.

முனிரத்தினம் விரல் விட்டு எண்ணினான். “இது நான் தொட்டில்ல இருந்தப்ப அச்சானது” என்றான். அப்போதுதான் அவன் முகம் தெளிந்தது. “அப்ப நாம அங்கதான சரோஜா இருந்தோம்? இது பொய் சொல்லல.”

ஊர்வலம்

புத்தகத்தையும் பேப்பரையும் எடுத்துப்போகக் கேட்டோம். கோவிந்தசாமி மறுத்துவிட்டார். புத்தகத்துக்கு உறுப்பினராக வேண்டும். உறுப்பினராகக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் திங்கட்கிழமைதான் வருவார். பேப்பர் எப்போதுமே வெளியே போகாது.

முனிரத்தினம் சட்டம் பேசவில்லை. “சார், சாப்பாட்டு நேரம் முடியறதுக்குள்ள இத அச்சுல காட்டலன்னா, நம்ம ஊரு ஆந்திரான்னு ஆயிடும்” என்றான்.

கோவிந்தசாமி அதுவரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். நிமிர்ந்தார். “எவன் சொன்னான்?”

“பட்டணத்துல இருந்து வந்தவரு.”

“எல்லைப் போராட்டத்துல போலீஸ்காரன் லத்தி முறிஞ்சிது எம் முதுவுல. பட்டணத்துல இருந்து வந்தவரு சொல்றாராமா?” எழுந்தார். புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பேப்பரை அந்த ஆளிடமிருந்து பிடுங்கினார். எல்லோரையும் வெளியே தள்ளி நூலகத்தைப் பூட்டினார். “புஸ்தகம் என் கைய வுட்டுப் போவாது. நானும் வரேன்.”

பேப்பர்காரர், “நான் இன்னும் முடிக்கலியே” என்று சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். இப்படியாக நாங்கள் நால்வரும் கடைத்தெரு வழியே போனோம்.

நடுவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கோவிந்தசாமி அவர் மடியிலேயே பேப்பரை விரித்து விரலால் குத்திக் காட்டினார். நடுவர் படித்தார்.

“டெண்டர் நோட்டீஸ் எல்லாம் பொது அறிவுல சேராதே” என்றார்.

“தேதி பாருங்க சார்” என்றான் முனிரத்தினம். “இது இன்னிக்கு வந்தது. இந்தப் புஸ்தகம் எப்ப அச்சாச்சின்னு பாருங்க. அப்ப நாங்க அந்தப் பக்கம்தான். புஸ்தகம் தப்பு இல்ல சார். அதுக்கப்புறம் நடந்தது அதுக்குத் தெரியாது.”

நடுவர் தன் தோல்பையைத் திறந்து, கேள்விகள் எடுத்த புத்தகத்தை வெளியே எடுத்தார். தலைப்புப் பக்கத்தைத் திருப்பினார். பார்த்தார். மூடி, பைக்குள் பழையபடி வைத்தார். மேடைக்குப் போய் மணியடித்து அறிவித்தார்: அந்தக் கேள்வி ரத்து செய்யப்படுகிறது. பட்டணத்துப் பள்ளிக்குக் கொடுத்த பத்து மதிப்பெண் திரும்பப் பெறப்படுகிறது. யாருக்கும் வழங்கப்படவில்லை.

“அப்ப திருத்தணி எங்கதான் இருக்குது?” என்று கேட்டார் கோவிந்தசாமி, சபை நடுவில் நின்று.

“அதுதான் ரத்து ஆயிடுச்சேங்க” என்றார் நடுவர்.

மற்ற கேள்விகளில் நாங்கள் தோற்றோம். எங்களுக்கு வரிசையாகத்தான் தெரியும், அவர்கள் கலைத்துக் கேட்டார்கள். ஆறுதல் பரிசாக ஆளுக்கொரு சோப்புப்பெட்டி கிடைத்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியும்போது முனிரத்தினம் தனக்குள் சிரித்துக்கொண்டு நடந்தான். “தோத்துட்டு இன்னா சிரிப்பு?” என்று கேட்டேன்.

“தோத்தா தோத்துட்டுப் போறோம். எங்க நைனாவுக்குப் படிக்கத் தெரியாது. ‘இனிமே நமக்கு இதான்’னு அவரு சொன்னது அச்சுல இருக்குது, பாத்துட்டேன்” என்றான். ஆர்.கே.பேட்டை பஸ் வந்துவிட்டது.

பதினாலா, பதினேழா

திங்கட்கிழமை ஏகாம்பரம் சார் எதுவுமே நடக்காதது போல வகுப்புக்கு வந்தார். புத்தகத்தைத் திறந்தார். “எழுதிக்கோங்க. இந்தியாவிலுள்ள மாநிலங்கள் எத்தனை? பதினாலு.”

முனிரத்தினம் எழுந்தான். “சார், அது எந்த வருஷம் அச்சானது?”

எங்கள் பள்ளியில் கேள்வி மேலிருந்து கீழேதான் வரும். கீழிருந்து மேலே போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கேக்கறது நான். பதில் சொல்றது நீ. உக்காரு” என்றார் சார்.

அவன் உட்கார்ந்தான். ஆனால் மறுநாள், சார் மேஜைமேல் புத்தகத்தை வைத்ததும் மறுபடி எழுந்து நின்றான். ஆச்சரியம், சார் கோபப்படவில்லை. “அவ்ளோ சந்தேகமா? வந்து பாத்துக்கோ” என்று பெருந்தன்மையாகப் புத்தகத்தை நகர்த்தினார்.

முனிரத்தினம் போய் அட்டையைத் திறந்தான். தலைப்புப் பக்கம் இல்லை. அது இருந்த இடத்தில், பிளேடால் சுத்தமாக வெட்டிய ஓரம் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து அவன் கடைசி பஸ்ஸுக்கு முந்தின நேரத்தையெல்லாம் கிளை நூலகத்தில் கழித்தான். கோவிந்தசாமி அவனைக் காலைத் தட்டச் சொல்வதை நிறுத்திவிட்டார் என்று கேள்வி. நானும் சித்திக்குத் தெரியாமல் இரண்டு மூன்று முறை போனேன். பீரோ கண்ணாடியைத் துடைக்கும் வகுப்பு வழக்கம்போல நடந்தது.

அரைப் பரீட்சையில் மாநிலங்கள் கேள்வி வந்தது. நாங்கள் பதினாலு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம். நான் உள்பட. முனிரத்தினம் பதினேழு என்று எழுதி, கீழே எந்தப் பேப்பர், எந்தத் தேதி என்றும் குறித்திருந்தான்.

தாள் திருத்தி வந்தபோது அவனுக்கு அந்தக் கேள்வியில் அரை மதிப்பெண் போட்டிருந்தது. சரி என்றால் ஒன்று, தப்பு என்றால் சுழி. அரை என்பது எங்கள் பள்ளியில் கிடையாது. அவன் தாளை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனான்.

“சார், இந்த அரை எதுக்கு?”

ஏகாம்பரம் சார் அதைக் கையில் வாங்கிப் பதினேழைப் பார்த்தார், கீழே இருந்த தேதியைப் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“கையெழுத்து நல்லா இருந்துது” என்றார்.